கவனிப்புப் பற்றாக்குறை

சொல்லத் தொடங்கிய கதையை முடிக்காமல் நான் வேறெங்கோ போய்விடுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். இடையில் வழி மாறினால், "கதைக்கு வாரும்" என்று ஒரு சத்தம் போடுங்கள். நீங்களும் என் வயதுக்காரர்தானே? நாற்பது தாண்டி, மருந்துப் போத்தலைக் கையை நீட்டி எட்டப் பிடித்து வாசிக்கிற வயது. எங்களில் பலர் மெல்பேணின் தென்கிழக்குப் பக்கம், நோபல் பார்க்கிலும் அதைச் சுற்றியும் வாடகை வீடுகளில் வளர்ந்தவர்கள். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தாய் தகப்பனுக்கு வாசித்துச் சொன்னவர்கள். மின்சாரக் கட்டணமோ பள்ளிக்கூடச் சுற்றறிக்கையோ, எல்லாம் எங்கள் வாயால்தான் வீட்டுக்குள் போனது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அவ்வளவு பொறுப்பைத் தந்தார்களே என்று இப்போது கோபம் வருகிறது. அப்போது பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

நான் சொல்லப்போவது அப்படி நான் வாசித்துச் சொன்ன ஒரு கடிதத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்குக் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா வாரத்தில் மூன்று காலை, டண்டினோங்கில் புதிதாக வந்தவர்களுக்கு நடந்த ஆங்கில வகுப்புக்குப் போவார். ஊரில் அவர் ஒன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை. ஆங்கிலம் பிடிபட்டதும் இங்கே ஆசிரியர்களுக்கான படிப்பு, அது முடிந்ததும் இங்கேயும் ஒரு வகுப்பறை என்று மனதுக்குள் எல்லாம் போட்டு வைத்திருந்தார். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, நீலக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது பார்க்க வேண்டும். வகுப்புக்குப் பிந்திவிட்ட மாணவி மாதிரி ஓட்டமும் நடையுமாகப் போவார்.

என்னிடம் சாமான் தங்காது. அந்த ஒரு வருடத்தில் பள்ளிக்கூடச் சுவெற்றர் இரண்டு போனது. சாப்பாட்டுப் பெட்டியின் மூடிகள் எத்தனை என்று எண்ணவில்லை. நூலகப் புத்தகம் ஒன்று காணாமல்போய், மூன்று வாரம் தேடி, கடைசியில் குளிர்சாதனப் பெட்டியில் கத்தரிக்காய்க்குக் கீழே கிடந்தது. அதை அங்கே வைத்தது நான்தான், ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. காதில் போட்டிருந்த தங்கத் தோடு ஒன்று பள்ளிக்கூட மணல் குழியில் விழுந்தபோது, அம்மா சனிக்கிழமை மா அரிக்கிற அரிதட்டோடு வந்து அந்த மணல் முழுவதையும் அரித்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து உதவி செய்யத் தொடங்கி, ஒரு எறும்பைப் பின்தொடர்ந்து மரத்தடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மாவின் முழங்கை வரைக்கும் மணல், கண் சிவந்திருந்தது. தோடு கிடைக்கவில்லை. "உனக்கு என்னதான் பிள்ளை நடக்குது?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

என் வகுப்பாசிரியை ஒரு செம்பட்டைத் தலைமயிர்க்காரி, நல்ல மனுசி. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்ட வந்து, கதவில் தட்டுகிற மாதிரி என் தலையில் மெல்லத் தட்டி, "ஹலோ, எனிபடி ஹோம்?" என்பார். வகுப்பே சிரிக்கும். வீட்டில் ஆராவது இருக்கினமோ என்று அவர் ஏன் என்னிடம் தினமும் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்: "ரீச்சர் ஒவ்வொரு நாளும் கேக்கிறா, வீட்டில ஆராவது இருக்கினமோ எண்டு."

அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். "நீ என்ன சொன்னனீ?"

"சில நாள் ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஏன் வெளுத்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்கள் வீடுகளிலும் அந்தக் கதை உலாவியிருக்கும். எங்களுக்கு அதைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு அன்ரி. எங்களுக்குப் பத்து வருடம் முந்தி வந்தவர், ஆங்கிலம் பொரிந்து தள்ளுவார். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அன்று பின்னேரத்துக்குள் எல்லாருடைய காதிலும் போட்டுவிடுவார். தேத்தண்ணி குடித்தபடி அவர் சொன்னது இது: "இஞ்ச பிள்ளையளை வடிவாப் பாக்காட்டி கவுண்மெந்து தூக்கிக்கொண்டு போயிடும், தெரியுமோ? வெள்ளைக் கார் ஒண்டு வரும். ரெண்டு பொம்பிளையள் இறங்குவினம். சிரிச்சுக்கொண்டுதான் வருவினம்." அந்தக் கடைசி வசனம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெண்கள் எல்லோரையும் கண்டு நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அந்த ஊரில் யார்தான் சிரிக்காமல் வந்தார்கள்!

கடிதம் அதற்குப் பிறகு வந்தது. வந்தது என்று சொன்னாலும் நான்கு நாள் என் பைக்குள் ஒரு நசிந்த வாழைப்பழத்தோடு கிடந்தது. ஐந்தாம் நாள் அம்மா பையைக் கவிழ்த்தபோது மேசையில் விழுந்தது. பள்ளிக்கூடம் எழுதியிருந்தது. நான் வழக்கம்போலக் கதிரையில் ஏறி முழங்காலில் நின்று சத்தமாக வாசித்தேன். உங்கள் மகளைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்று தொடங்கியது. நடுவில் பெரிய எழுத்தில் மூன்று சொல்: அற்றென்ஷன் டெபிசிற் டிஸோடர். கீழே, தாயும் மகளும் இன்ன நாளில் ஒரு சைக்கியாட்ரிஸ்ற்றிடம் வரவேண்டும் என்று இருந்தது.

சிறிய சொற்களை நான் சொல்லிவிட்டேன். பெரிய சொற்களுக்கு அம்மா அகராதியை எடுத்தார். ஆசிரியை அல்லவா, ஊகித்துச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். அற்றென்ஷன்: கவனம், கவனிப்பு, பராமரிப்பு. டெபிசிற்: பற்றாக்குறை. டிஸோடர்: ஒழுங்கின்மை. நீலக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தன் வடிவான கையெழுத்தில் எழுதினார்: கவனிப்புப் பற்றாக்குறை. ஒழுங்கின்மை. பிறகு கடைசிச் சொல்லையும் தேடினார். உளநோய் மருத்துவர்.

"நான் உன்னைக் கவனிக்கிறது காணாதாம்," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "வீடும் ஒழுங்கில்லையாம். எனக்கு விசரோ எண்டு பாக்கக் கூப்பிடினம்."

அகராதியே சொன்ன பிறகு மறுத்துப் பேச நான் யார்? எனக்குத் தெரிந்த தமிழிலும் கவனிப்பது என்றால் சோறு போட்டுத் தலை வாரி வளர்ப்பதுதான். பற்றாக்குறை என்றால் காணாது. எல்லாம் பொருந்தியது. நான்தான் வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று சொல்லிக் காட்டிக் கொடுத்தேன். அதனால் அம்மாவை விசர் ஆசுப்பத்திரியில் வைக்கப்போகிறார்கள். என்னை வெள்ளைக் காரில் ஏற்றப்போகிறார்கள்.

"அப்பாட்டச் சொல்லாத," என்றார் அம்மா. "அந்த மனுசன் தாங்காது. அன்ரிக்கு மூச்சும் விடாத." கடிதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, தேத்தண்ணிச் சக்கையோடு பிசைந்து குப்பையில் போட்டார். போக வேண்டிய நாளை மட்டும் நாட்காட்டியில் ஒரு புள்ளியாக வைத்தார். அதற்கு ஐந்து கிழமை இருந்தது.

அந்த ஐந்து கிழமையும் நான் கவனிக்கப்பட்ட மாதிரி உலகத்தில் எந்தப் பிள்ளையும் கவனிக்கப்பட்டிருக்காது. அம்மா அடுத்த நாளே ஆங்கில வகுப்பை விட்டார். "குளிருக்குள்ள போகேலாது," என்று அப்பாவுக்குச் சொன்னார். அப்பா, "சரி, வெயில் வரட்டும், பிறகு போமன்," என்றார், அவ்வளவுதான். நீலக் கொப்பி அலுமாரிக்கு மேலே போனது. காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் இழுத்துக் கட்டுவார், கண் இரண்டும் பக்கவாட்டில் போகும். கையுறை இரண்டையும் நூலால் தொடுத்து, நூலைச் சுவெற்றருக்குள்ளால் விட்டுத் தைத்தார். அதன் பிறகு நான் கையுறையைத் தொலைக்கவில்லை, சுவெற்றரோடு சேர்த்துத் தொலைத்தேன். வீட்டின் ஒழுங்கின்மைக்கும் மருந்து நடந்தது. குசினித் தரையை அம்மா ஒரு நாளில் மூன்று தரம் துடைத்தார். அவரது விரல்கள் வெடித்து, உப்புத் தண்ணீர் படும்போது "ஸ்" என்று இழுப்பார். சத்தம் போட்டு அழ மாட்டார்.

அதைவிடப் பெரிய கூத்து மத்தியானச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தைச் சுற்றி மதில் இல்லை, கம்பி வேலிதான். மத்தியான மணி அடிக்கும்போது அம்மா வேலிக்கு வெளியே, நடைபாதையில் நிற்பார். கையில் சோற்றுப் பெட்டி. சோற்றையும் பருப்பையும் மீன் குழம்பையும் பிசைந்து கவளம் உருட்டி, கம்பிக் கண்ணுக்குள்ளால் என் வாய்க்குள் வைப்பார். ஆசிரியர்கள் காண வேண்டும், அதுதான் நோக்கம். அவர்கள் கண்டார்கள். பிள்ளைகளும் கண்டார்கள். என் பின்னால் நின்று மிருகக்காட்சிச்சாலைக் குரங்கு மாதிரி நடித்துக் காட்டினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறந்தேன். திறக்காவிட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள்.

கதைக்கு வருகிறேன், வருகிறேன். ஒருநாள் வெள்ளைக் கார் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன், பின்னேரம் நாலு மணி இருக்கும். கார் எங்கள் வாசலில் நின்றது. ஒரு பெண் இறங்கினார், கையில் கோப்பு, வாயில் சிரிப்பு. அம்மா யன்னல் சீலையின் ஓரத்தால் பார்த்தார். என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் அலுமாரிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். "அசையாத. என்ர ராசாத்தி, அசையாத."

உள்ளே இருட்டு. பூச்சிக்குண்டு மணம் மூக்கில் ஏறியது. அம்மாவின் கூறைச் சேலை என் முகத்தில் உரசிக்கொண்டிருந்தது. வெளியே மணி அடித்தது. பிறகு கதவில் தட்டினார்கள். என் கால் இருக்கிறதே, அது என் சொல்லைக் கேட்காத கால். ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் தானாக ஆடத் தொடங்கும். அது அலுமாரிப் பலகையில் டக் டக் என்று இடித்தது. நான் இரண்டு கையாலும் முழங்காலை அமத்திப் பிடித்தேன். மற்றக் கால் தொடங்கியது. இந்தக் காலால் அம்மா போகப்போகிறா, இந்தக் காலால்தான் போகப்போகிறா என்று நினைத்து நினைத்து என் தொடையை நானே கிள்ளினேன். ஐந்து நிமிடம் இருந்திருக்கும். கார் போன சத்தம் கேட்டது.

கதவடியில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. ஏதோ தருமத்துக்குப் பழைய உடுப்புச் சேர்க்கிறார்களாம். நான் அதை வாசித்துச் சொன்னபோது அம்மா நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். என் தொடையில் இருந்த கிள்ளல் காயத்தைக் கண்டதும்தான் பயம் அவருக்கு மறுபடி ஏறியது. "இதைக் கண்டாங்களெண்டால் நான்தான் செய்தனான் எண்டு சொல்லுவாங்கள்," என்று நீளக் காலுறையை இழுத்துப் போட்டுவிட்டார்.

போகும் நாளுக்கு முந்திய ஞாயிறு, அம்மா கேட்டதால் அப்பா எங்களை த பேசின் என்ற இடத்துக்கு, மலையடிவாரப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். என்ன நேர்த்திக்கடன் என்று அவர் கேட்கவில்லை, ஊரில் சண்டைக்குள் இருந்த சொந்தங்களுக்காக என்று நினைத்திருப்பார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. வெளியே வந்தால் என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. எங்கே கழற்றினேன் என்று தெரியாது. நிலம் ஈரம், குளிர். வெறுங்காலோடு பிள்ளையை யாராவது பார்த்துவிட்டால்? அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கார்வரை நடந்தார். "ஒன்பது வயசுப் பிள்ளையைத் தூக்கிறீரே, நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் போகப்போகுது!" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. அம்மா நல்ல சேலை கட்டினார். கையில் மூன்று பை. ஒன்றில் எனக்கு மாற்று உடுப்பு, ஒன்றில் நான் பிறந்ததிலிருந்து போட்ட தடுப்பூசிகளின் அட்டைகள், மற்றதில் டொக்டருக்குக் கட்லட். ரயிலில் எனக்குப் பாடம் நடந்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அங்க இஞ்ச பாக்காத. அம்மா நல்லாப் பாக்கிறா எண்டு சொல்லு."

டொக்டர் வயதான பெண். மண்ணிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கிய கண்ணாடி. சிரித்தார். மூலையில் ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள் இருந்தன, சிவப்பு, மஞ்சள். என் கை துடித்தது. கதிரையில் ஏறி, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து இன்னொரு நாள் சந்திக்கலாமா என்று அவர் முதலில் கேட்டார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். "வேண்டாம், வேண்டாம். தமிழ் தெரிஞ்ச ஆள் வந்தால் பின்னேரத்துக்கிடையில அன்ரியின்ர காதுக்குப் போயிடும்," என்றார் அம்மா. "வேண்டாமாம், நான் நல்லாச் செய்வேனாம்," என்று டொக்டருக்குச் சொன்னேன். அவர் யோசித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஒரு தாளை எடுத்தார்.

"அம்மாவைக் கேளம்மா," என்கிற தொனியில் தொடங்கி, "டஸ் ஷீ லூஸ் திங்ஸ்?" என்றார்.

"அம்மா, நீங்கள் சாமானுகளைத் துலைக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா."

அம்மா நிமிர்ந்து இருந்தார். "நான் ஒன்பது வருஷம் படிப்பிச்சனான். ஒரு சோக்குக் கட்டிகூடத் துலைச்சதில்லை எண்டு சொல்லு."

நீளமான வசனம். முதல் பாதி வாயருகில் வருவதற்குள் மற்றப் பாதி பறந்துவிட்டது. நான் "நோ," என்றேன்.

ஷீயால் ஒரு இடத்தில் அமைதியாக இருக்க முடிகிறதா? "கோயில்ல மூண்டு மணித்தியாலம் ஒரே இருப்பில இருப்பன்." நான்: "ஆம், கோயிலில் மூன்று மணித்தியாலம்." டொக்டர் புருவத்தை உயர்த்தி எழுதினார். தொடங்கிய வேலையை ஷீ பாதியில் விடுகிறாரா? அம்மாவுக்கு ஒரு கணம் தடுமாறியது. வகுப்பை விட்டது நினைவு வந்திருக்க வேண்டும். "இல்லை எண்டு சொல்லு," என்றார் மெதுவாக. யாராவது பேசும்போது ஷீயின் நினைப்பு வேறெங்காவது போகிறதா? "எனக்கு எந்த நேரமும் பிள்ளையின்ர நினைப்புத்தான்." நோ, நோ, நோ. மிச்சம் எல்லாவற்றுக்கும் நோ.

அம்மா பரீட்சையில் நன்றாகச் செய்துகொண்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். "எங்கள் அம்மா என்னை நல்லாப் பார்க்கிறா," என்றேன். "ஒவ்வொரு நாளும் வந்து சாப்பாடு தாறா. வீட்டை மூன்று தரம் துடைக்கிறா. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை." டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, என் முகத்துக்கு நேரே வந்து, "உனக்கு எதைப் பற்றியாவது பயமாக இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டார்.

அந்த மனுசியின் கண்ணில் கள்ளம் இல்லை. இன்று எனக்குத் தெரிகிறது. நான் வாயைத் திறந்து, என் கால் என் சொல்லைக் கேட்பதில்லை, என் தலைக்குள் எப்போதும் நாலு வானொலி பாடுகிறது, அம்மாவை எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி நீலமாகிவிட்டிருந்தது. நான், "இல்லை," என்றேன். முக்கால் மணித்தியாலம் நான் ஒரு அங்குலம் அசையவில்லை. என் வாழ்நாளில் அப்படி இருந்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. நான் கதிரையில் ஏறி வாசித்தேன். தாயும் மகளும் மிகவும் நெருக்கம், பிள்ளை அமைதியானவள், அற்றென்ஷன் டெபிசிற் இருப்பதாகத் தெரியவில்லை, புதிய நாட்டுக்குப் பழக இன்னும் காலம் எடுக்கலாம். "கவனிப்புப் பற்றாக்குறை இல்லையாம், அம்மா!" என்று கத்தினேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். அன்று பாயசம் வைத்தார். என்ன விசேஷம் என்று அப்பா கேட்க, "சும்மா ஒரு ஆசைக்கு," என்றார்.

சந்தோஷமாக முடிந்ததே என்கிறீர்களா? இல்லை. அந்தக் கடிதம் பள்ளிக்கூடத்துக்கும் போனது. டொக்டரே ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு, என் கோளாறுக்கு மிச்சம் இருந்த பெயர் சோம்பல் ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அறிக்கையில் அது வந்தது. கெட்டிக்காரி, ஆனால் முயற்சி போதாது. நான் வாசித்துச் சொன்னேன், அம்மா என்னை அடித்தும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். வெயில் வந்தது. அம்மா வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வெயிலுக்கும் போகவில்லை. ஒரு தரம் தப்பினோம், இன்னொரு தரம் எழுதினால்? நான் பல்கலைக்கழகம் போகும்வரை வீட்டில் எப்போதும் ஆள் இருந்தது. பிறகு அவர் பக்கத்துத் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போனார், படிப்பிப்பதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

நான் விழுந்து எழும்பி ஒரு பட்டம் எடுத்து, கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். கல்யாணம், ஒரு மகள். அவளுக்கு மூன்று வயதானபோது, இரண்டாயிரத்து ஒன்பதில், ஒருநாள் ஏதோ ஒரு படிக்கட்டை வரைந்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ஆறரை மணி. பிள்ளைகள் காப்பகம் ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். ஓடிப்போனபோது மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவுக்கு உள்ளே, தாதியின் மடியில் இருந்தாள். "இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் நாங்கள் அரசாங்கத்துக்கு அறிவித்திருக்க வேண்டும்," என்றார் தாதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த நாள் குடும்ப வைத்தியரிடம் போனேன். சைக்கியாட்ரிஸ்ற்றுக்கு ஒரு கடிதம் தந்தார். அந்தக் கடிதத்தைத் தொலைத்தேன். மறுபடி வாங்கி, மறுபடி தொலைத்தேன். சிரியுங்கள், பரவாயில்லை. முதலில் அழைத்த இடத்தில், இது சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற விஷயம், பெரியவர்களை நாங்கள் பார்ப்பதில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், பட்டம் எடுத்த ஆள், வேலையும் செய்கிறீர்கள், உங்களுக்கு எப்படி இது இருக்கும் என்று கேட்டார்கள். வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். மூன்றாவது இடத்தில் ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். அந்த ஏழு மாதமும் வெள்ளைக் கார் கண்டால் மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

போன அன்று, காத்திருக்கும் அறையில் ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். தலைப்பில் அதே சொற்கள். கீழே கேள்விகள். சாமான்களைத் தொலைப்பீர்களா? ஒரு இடத்தில் இருக்க முடியாமல் தவிப்பீர்களா? தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவீர்களா? யாராவது பேசும்போது நினைப்பு வேறெங்காவது போகிறதா?

இவை அம்மாவிடம் கேட்ட கேள்விகள் அல்லவா? அப்போதுதான் விளங்கியது. அம்மாவைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மா என்றால் மரியாதையாக 'அவ', சின்னவள் நான் என்றால் 'அவள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஷீ. டொக்டர் கேட்டதெல்லாம் அவளை. நான் மாற்றிச் சொன்னதெல்லாம் அவவை. அந்தத் தாளில் இருந்த இருபது கேள்விக்கும் எனக்கு ஆம் என்றுதான் பதில். அன்றும் அதே ஆம்தான் இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பேசினேன், மருந்து பற்றிக் கதைத்தோம், என் பிள்ளைப் பருவம் பற்றி அம்மாவிடம் கேட்டு வரும்படி சொன்னார்கள். நேரே நோபல் பார்க்குக்குக் காரை விட்டேன். அம்மா குசினி மேசையில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அப்பா முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சின்னனில ஒரு டொக்டரிட்டப் போனாங்களெல்லே."

அம்மாவின் கை நின்றது. முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மெல்லக் கதை. அது ஏன் இப்ப?"

நான் எதிரே இருந்தேன். அறுபது தாண்டிய அவர் முகத்தைப் பார்த்தபடி சொன்னேன். "அந்தக் கடிதத்தில இருந்தது உங்களைப் பற்றியில்லை, அம்மா. என்னைப் பற்றி. என்ர புத்தி ஒரு இடத்தில நிக்காது, அதுக்குத்தான் அந்தப் பேர். டொக்டர் கேட்டது முழுக்க என்னைத்தான். நான்தான் பிழையாச் சொன்னனான். உங்கட வகுப்பு, உங்கட படிப்பு எல்லாம் போனது என்னாலதான்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். பயித்தங்காயைத் தூக்கி எறியட்டும். அவர் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்.

"அப்ப, நான் பிள்ளையைக் கவனிக்கிறேல்லை எண்டு அவை எழுதேல்லையோ?"

"இல்லை, அம்மா."

"ஒரு இடத்திலயும் எழுதேல்லையோ?"

"ஒரு இடத்திலயும் இல்லை."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். என் கோளாறைப் பற்றி, மருந்தைப் பற்றி, வகுப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப நான் உன்னை வடிவாத்தான் பாத்தனான், என்ன?"

"ஓம், அம்மா. வடிவாத்தான் பாத்தனீங்கள்."

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

சொன்னேன்.